எழுபத்தாறு

பதினான்காம் கட்டிலின் மணிக்கட்டு
என் மூன்று விரல்களுக்குள் இருந்தது.
மற்றக் கையில் போன்.
அதற்குள் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

விநாடிமுள் வைத்த கடிகாரம் கட்டாயம் என்று
முதலாம் வருடத்திலேயே சொன்னார்கள்.
புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கினேன்,
அங்கியில் தலைகீழாய்த் தொங்கும் வகை.
மாசியில் பற்றரி தீர்ந்தது.
மாற்றவில்லை.
போனில்தான் எல்லாம் இருக்கிறதே.

இருக்கிறது, உண்மைதான்.
சேலைன் துளிக் கணக்கு இருக்கிறது.
வாயில் நுழையாத மருந்துப் பெயரை
உடைத்துச் சொல்லும் குரல் இருக்கிறது.
விமலசேன மாத்தயாவுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு நாக்கு இருக்கிறது:
சம்பூர்த் தமிழில் நான் கேட்டால்
“ரிதெனவாத?” என்று அது கேட்கும்.
முதல் நாள் நெஞ்சைத் தடவி
நீளமாய் ஏதோ சொன்னார்.
“கொஞ்சம். யானை எழுந்து போன பிறகு
புல் கிடக்கும் விதமாக” என்றது போன்.
சரியான மொழிபெயர்ப்போ தெரியாது.
எனக்கு விளங்கியது.

விடிய ஐந்து மணி.
முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்று.
திரையின் மேல்விளிம்பில் இருந்து
தங்கச்சி இறங்கி வந்தாள்.
இரண்டு படங்கள், இரண்டு சட்டைத் துணிகள்.
‘இண்டைக்குத் தைக்கக் குடுக்க வேணும்.
மஞ்சளா, அரக்கா?’

அரக்கு என்று நினைத்தேன்.
அவ்வளவுதான்.
பதில்கூட எழுதவில்லை.
திரும்பி வந்தபோது
நாற்பத்தொன்றுக்குப் பிறகு
எத்தனை போயிற்று என்று
விரல்களுக்குத் தெரியவில்லை.

மேல் வரியில், இரவு ஒன்பது மணிக்கு நேரே,
யாரோ எழுபத்தாறு என்று எழுதியிருந்தார்கள்.
வடிவான கையெழுத்து.
நானும் எழுபத்தாறு என்று எழுதினேன்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
“கெதரின்த, துவ?”
வீட்டில் இருந்தா, மகள்?
அது விளங்க எனக்குப் போன் தேவைப்படவில்லை.

கை கழுவப் போனேன்.
குழாயடியில் றிஸ்வியா
சோதனை வினாக்களை உருட்டிக்கொண்டிருந்தாள்,
கையுறையைக் கழற்றாமல்.
அந்தக் கையுறை சற்று முன்
எந்தக் காயத்தில் இருந்தது என்று
நான் கேட்கவில்லை.
என் வாயில் எழுபத்தாறு இருந்தது.

ஆறு மணி மருந்து வண்டி
ஒரு சில்லு மட்டும் கீச்சிட வருகிறது.
பதினான்குக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.
நாடி அறுபதுக்குக் கீழே என்றால்
கொடுக்கக் கூடாத மாத்திரை.
எழுபத்தாறு என்றால் கொடுக்கலாம்.

சபதம் ஒன்றும் செய்யவில்லை.
துணி அலுமாரியில்,
தலையணை உறைகளின் மேல்,
போனைக் குப்புறப் போட்டுவிட்டு ஓடினேன்.
சுவர்க் கடிகாரம் தூணுக்குப் பின்னால்;
கழுத்தை ஒடித்தால்தான் முள் தெரியும்.
அவர் நித்திரை.
கை மட்டும் போர்வைக்கு வெளியே,
யாரோ எடுப்பார்கள் என்று வைத்தது மாதிரி.

மருதானைப் பக்கம் ரயில் கூவிற்று.
காகங்கள் தொடங்கின.
ஒன்றிலும் தொலையாமல் எண்ணினேன்.
ஐம்பத்திரண்டு.
இன்னொரு நிமிடம்.
ஐம்பத்திரண்டு.

சிஸ்டர் பிரியங்கனி
ஊசித் தட்டில் போனைச் சாய்த்துவைத்து
மகனின் பள்ளி வான்
கடவத்தையில் நீலப் புள்ளியாய் ஊர்வதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
முதலில் மாத்திரையை எடுத்து
டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள்.
வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
“மற்றவர்களுடையது?”
அவ்வளவுதான் கேட்டாள்.

நோயாளர் அட்டையில் பிழையை அழிக்கக் கூடாது.
வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.
கீழே கிடக்கும் எண்ணை
எவரும் வாசிக்கக் கூடியதாய் இருக்க வேண்டும்.
எழுபத்தாறின் மேல் கோடு இழுத்தேன்.
நேராக வரவில்லை.

பிறகு முதலாம் கட்டிலில் இருந்து தொடங்கினேன்.
அலுமாரிக்குள்
மஞ்சளா அரக்கா, மஞ்சளா அரக்கா என்று
அது அதிர்ந்துகொண்டே இருந்தது.
அதையும் சேர்த்து எண்ணிவிடாமல்
எண்ணினேன்.